பாஷ்ஆர்சியில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது

உபுண்டுவோ டெபியனோ போட்ட கணினியில் ஒரு புதுப் பயனர் கணக்கைத் திறந்தால், அவருடைய ஹோம் ஃபோல்டர் காலியாக இருப்பதில்லை. இடிசி ஃபோல்டருக்குள் ஸ்கெல் என்று ஒன்று உண்டு. அதிலுள்ள மாதிரிக் கோப்புகளின் நகல்கள் கணக்குத் திறந்த கையோடு ஹோமுக்கு வந்துவிடும். அவற்றில் ஒன்றுதான் பாஷ்ஆர்சி. டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் பாஷ் ஷெல் முதல் வேலையாகப் படித்துக்கொள்ளும் தொடக்கக் கோப்பு. நூற்றுச் சொச்சம் வரிகள். வருடக்கணக்காக லினக்ஸில் குப்பை கொட்டியவர்களிலும் இதை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர்கள் குறைவு. எதையாவது நிறுவும்போது "இந்த வரியைக் கடைசியில் சேர்த்துக்கொள்" என்று ஒரு குறிப்பு வரும். சேர்ப்போம், மூடுவோம், மறப்போம்.

இன்னொரு கூட்டமும் உண்டு. பக்கத்தில் யாரோ ஒருவரின் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க டெர்மினல் மட்டும் சூப்பரா இருக்கே, அந்த ஃபைலைக் கொஞ்சம் அனுப்பி விடுங்களேன்" என்று கேட்கும் கூட்டம். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நான் அனுப்புவதில்லை. கஞ்சத்தனம் இல்லை. என் கோப்பில் இருப்பது என் விரல்களின் பழக்கம். அது உங்கள் விரல்களுக்குத் தெரியாது. அதே காரணத்துக்காகத்தான் இந்தப் பதிவில் கட்டளைகளையெல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வெட்டி ஒட்ட முடியாது. எல்எஸ் என்று எழுதியிருந்தால் திரையில் என்ன அடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் இந்தக் கோப்பைத் தொடும் காலம் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோப்பு ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். பெயர் புள்ளியில் தொடங்குவதால்தான். யூனிக்ஸை உருவாக்கிய பெல் ஆய்வகக் குழுவில் இருந்த ராப் பைக் 2012-இல் இதன் பின்கதையை எழுதினார். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பதிவுகள் இருக்கும். ஒன்று அந்த ஃபோல்டரையே குறிக்கும், மற்றொன்று அதற்கு மேலுள்ளதை. எல்எஸ் அடிக்கும்போது இவை இரண்டும் பட்டியலில் வந்து தொல்லை தரக் கூடாது என்று, பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் தாண்டிப் போ என்று ஒரு குறுக்கு வழி எழுதினார்கள். அந்த இரண்டை மட்டும் மறைக்க வந்த வரி, புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பிறகு வந்த நிரல்கள் பலவும் தங்கள் மூட்டை முடிச்சுகளை ஹோம் ஃபோல்டரிலேயே போட ஆரம்பித்தன, கண்ணில் படாதே என்ற தைரியத்தில். எல்எஸ்ஸுக்கு மைனஸ் ஏ போட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று தெரியும்.

சரி, அந்தக் கோப்பை எப்போது படிக்கிறது பாஷ்? இங்கேதான் பாதிப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். "வரியைச் சேர்த்தேன், வேலை செய்யவில்லை" என்ற புலம்பலில் பெரும்பகுதி எழுதிய வரியின் குற்றமில்லை, எழுதிய இடத்தின் குற்றம்.

இதற்கு வரலாறு தெரிந்தால் குழப்பம் குறையும். 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீஃபன் போர்னின் ஷெல்லுக்கு ப்ரொஃபைல் என்ற ஒரே கோப்புதான். லாகின் செய்யும்போது ஒருமுறை படிக்கும், அவ்வளவுதான். அதே காலத்தில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல் வேறு மாதிரி யோசித்தது: லாகின் சமயத்தில் ஒரு கோப்பு, ஷெல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு கோப்பு. 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் க்னூ திட்டத்துக்காக பாஷை வெளியிட்டபோது, போர்ன் ஷெல்லின் வாரிசாக இருந்துகொண்டே சி ஷெல்லின் வசதிகளையும் எடுத்துக்கொண்டது. இரண்டு வீட்டுச் சம்பிரதாயமும் ஒரே வீட்டில் வந்து சேர்ந்தன. அதனால் இன்றைக்கும் பாஷ், லாகின் ஷெல்லாகத் தொடங்கினால் இடிசியில் உள்ள பொதுவான ப்ரொஃபைலைப் படித்துவிட்டு, உங்கள் ஹோமில் பாஷ் ப்ரொஃபைல், பாஷ் லாகின், ப்ரொஃபைல் என்ற மூன்றையும் இதே வரிசையில் தேடும். முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும், மற்றதைத் திரும்பியும் பார்க்காது. லாகின் இல்லாமல் வெறுமனே ஒரு டெர்மினல் ஜன்னல் திறந்தால், ஹோமிலிருந்து பாஷ்ஆர்சி மட்டும்.

உபுண்டுவின் ப்ரொஃபைலே பாஷ்ஆர்சியையும் அழைத்துப் படித்துவிடுவதால் அங்கே இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் ஏதோ ஒரு நிரலை நிறுவும்போது அது உங்கள் ஹோமில் புதிதாக ஒரு பாஷ் ப்ரொஃபைல் கோப்பை உண்டாக்கிவிட்டால், அன்றிலிருந்து பழைய ப்ரொஃபைல் செத்தது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனால் வண்ணம் இல்லை, அலையாஸ் இல்லை. உள்ளே போய் பாஷ் என்று அடித்தால் எல்லாம் வந்துவிடும். இப்படி ஒரு கூத்து நடந்தால் முதலில் இந்த மூன்று கோப்புகளில் எவை இருக்கின்றன என்று பாருங்கள். தீர்வு சுலபம்: பாஷ் ப்ரொஃபைலில் ஒரே வேலை, பாஷ்ஆர்சியைச் சோர்ஸ் செய்வது. மற்ற எல்லாவற்றையும் பாஷ்ஆர்சியில் வையுங்கள்.

டெபியன் தரும் பாஷ்ஆர்சியின் முதல் சில வரிகளை யாரும் மதிப்பதில்லை. கேஸ் என்று தொடங்கி எசாக் என்று முடியும் ஒரு சின்னத் துண்டு. இந்த ஷெல்லின் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறாரா என்று பார்க்கும். இல்லையென்றால் அங்கேயே ரிட்டர்ன், மிச்சத்தைப் படிக்க வேண்டாம். இது எதற்கு? எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவில் ஒரு கட்டளையை மட்டும் ஓட்டும்போதும் பாஷ் இந்தக் கோப்பைப் படிக்கும். எஸ்சிபி, ஆர்சிங்க் போன்றவை அந்தப் பாதையில்தான் வருகின்றன. மறுமுனையில் பாஷ்ஆர்சி "வணக்கம், இன்று நல்ல நாள்" என்று ஒரு எக்கோ போட்டால், கோப்பின் பைட்டுகளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஆர்சிங்குக்கு அந்த வணக்கம்தான் முதலில் போய்ச் சேரும். நெறிமுறை பொருந்தவில்லை என்று முறைத்துக்கொண்டு நின்றுவிடும். ஆகவே உங்கள் அலங்காரங்களை எல்லாம் அந்த எசாக்குக்குக் கீழே எழுதுங்கள். எழுதும் வரி எதையாவது அச்சிடும் என்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

இனி நான் மிகவும் மதிக்கும் பகுதி: ஹிஸ்டரி. என் கட்சி இதுதான். தொடக்கக் கோப்பில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தொடலாம் என்று யாராவது கட்டுப்பாடு விதித்தால், அலையாஸ், வண்ணம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஹிஸ்டரியை மட்டும் பிடித்துக்கொள்வேன். நேற்று ஓட்டிய அந்த நீளமான எஃப்எஃப்எம்பெக் கட்டளை, மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் சரியாக வந்த அந்த ஃபைண்ட் வரி, இவைதான் உண்மையான சொத்து. அவற்றை அலையாஸாக முன்கூட்டியே சேர்த்துவைக்க யாராலும் முடியாது, எது மறுபடி தேவைப்படும் என்று அப்போது தெரியாதே.

பாஷ் தானாக வைத்திருப்பது 500 கட்டளைகள். டெபியனின் கோப்பு அதை நினைவில் 1000, கோப்பில் 2000 என்று உயர்த்துகிறது. ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் என்ற இரண்டு மாறிகள். இந்த எண்கள் வட்டு இடம் தங்கமாக இருந்த காலத்தின் சிக்கனம். ஒரு லட்சம் என்று போட்டாலும் சில எம்பிதான் வரும். பாஷ் 4.3-க்குப் பிறகு மைனஸ் ஒன்று என்று கொடுத்தால் வரம்பே கிடையாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஹிஸ்ட்ஃபைல்சைஸை நீங்கள் பாஷ்ஆர்சியில் உயர்த்தி வைத்திருக்கிறீர்கள். ஒருநாள் எதையோ சோதிக்க, தொடக்கக் கோப்பைப் படிக்காதே என்று சொல்லி நோஆர்சி விருப்பத்தோடு ஒரு ஷெல்லைத் திறக்கிறீர்கள். அந்த ஷெல்லுக்கு உங்கள் லட்சம் தெரியாது; அதன் கணக்கு 500. அதே ஹிஸ்டரி கோப்பைத்தான் அதுவும் எடுத்துக்கொள்ளும், எடுத்து 500-க்கு வெட்டிவிடும். வருடக்கணக்கில் சேர்ந்தது போயே போய்விட்டது. தப்பிக்க வழி, ஹிஸ்ட்ஃபைல் என்ற மாறியில் வேறொரு கோப்புப் பெயரைக் கொடுத்து, உங்கள் ஹிஸ்டரியை அங்கே சேமிப்பது. வழக்கமான பெயருள்ள கோப்பை யார் வெட்டினாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

அடுத்தது, ஒரே நேரத்தில் நாலு ஜன்னல் திறந்து வேலை செய்பவர்களின் பிரச்சினை. பாஷ் ஹிஸ்டரியைக் கோப்பில் எழுதுவது ஷெல்லை மூடும்போதுதான். பழைய இயல்பின்படி கடைசியாக மூடிய ஜன்னல் மற்றவை எழுதியதன் மேலேயே எழுதிவிடும். டெபியன் கோப்பிலுள்ள ஹிஸ்ட்அப்பெண்ட் என்ற ஷாப்ட் வரி இதைத் தடுத்து, கடைசியில் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் மின்சாரம் போனால், எஸ்எஸ்எச் இணைப்பு திடீரென்று உறைந்து நின்றால், மூடும் சடங்கே நடக்காமல் போகலாம். அதற்காக ப்ராம்ப்ட் கமாண்ட் என்ற மாறியில் ஹிஸ்டரி மைனஸ் ஏ என்று வைக்கிறேன். ஒவ்வொரு முறை ப்ராம்ப்ட் தோன்றும் முன்னும், அப்போது ஓடிய கட்டளை கோப்பில் ஏறிவிடும். இன்னும் ஒரு படி மேலே போய், மைனஸ் என் சேர்த்து மற்ற ஜன்னல்களின் கட்டளைகளையும் உடனுக்குடன் இழுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. இந்த ஜன்னலில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் இந்த ஜன்னலில் நான் கடைசியாகச் செய்ததுதான் வர வேண்டும். பக்கத்து ஜன்னலில் டேட்டாபேஸை நிறுத்திய கட்டளை வந்து நிற்பது நல்லதற்கில்லை.

ஹிஸ்ட்டைம்ஃபார்மட் மாறியில் தேதி வடிவம் ஒன்று கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கட்டளையும் எப்போது ஓடியது என்பதும் பதிவாகும். "போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சர்வரில் என்ன செய்தோம்?" என்று கேள்வி வரும் நாளில் இதன் அருமை புரியும். கொடுத்த நாளிலிருந்துதான் நேரம் பதியும், பழையவற்றுக்கு வராது. ஆகவே இன்றே போடுங்கள். ஹிஸ்ட்கன்ட்ரோல் மாறியில் டெபியன் ஏற்கெனவே இக்னோர்போத் என்று வைத்திருக்கிறது. அதன் ஒரு பாதி, அடுத்தடுத்து அதே கட்டளையை அடித்தால் ஒருமுறைதான் சேமிக்கும். மறுபாதிதான் பலருக்கும் தெரியாதது: வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு அடித்தால் அந்தக் கட்டளை ஹிஸ்டரியில் ஏறவே ஏறாது. கடவுச்சொல்லை வரியிலேயே கொடுக்க வேண்டிய கட்டாயம் வரும்போது முதலில் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள்.

சேர்த்தால் போதுமா, எடுக்கவும் தெரிய வேண்டும். கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் பின்னோக்கித் தேடலாம் என்பது பலருக்குத் தெரியும். தேடும்போது வேகத்தில் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டால் முன்னோக்கித் திரும்ப கன்ட்ரோல் எஸ். ஆனால் அதை அழுத்தினால் டெர்மினல் உறைந்து போகும். கணினி தொங்கிவிட்டது என்று ஜன்னலையே மூடுகிறவர்கள் உண்டு. அது தொங்கவில்லை. காகிதத்தில் அச்சடித்த டெலிடைப் காலத்தில், எதிர்முனையைக் கொஞ்சம் பொறு என்று நிறுத்தி வைக்கும் சமிக்ஞை அது. கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் உயிர் வந்துவிடும். பாஷ்ஆர்சியில் எஸ்டிடிஒய் மைனஸ் இக்ஸான் என்று ஒரு வரி சேர்த்தால் அந்தப் பழைய வேலையை விட்டுவிட்டு, முன்னோக்கித் தேட கன்ட்ரோல் எஸ் உங்களுக்குக் கிடைக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு கோப்பில் இருக்கிறது. இன்புட்ஆர்சி. பாஷ் விசைகளை வாங்குவது ரீட்லைன் என்ற நூலகத்தின் மூலம். அதன் அமைப்புக் கோப்பு இது. இதில் மேல் அம்புக்குறிக்கு ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட் என்ற வேலையை ஒதுக்கிவிட்டால், கிட் என்று அடித்துவிட்டு மேல் அம்பை அழுத்தினால் கிட்டில் தொடங்கிய கட்டளைகள் மட்டும் ஒவ்வொன்றாக வரும். ஒன்றும் அடிக்காமல் அழுத்தினால் வழக்கம்போல. டெபியனின் இடிசியிலுள்ள இன்புட்ஆர்சியில் இதே வசதி பேஜ் அப் விசைக்கு எழுதப்பட்டு, ஆனால் முன்னால் ஒரு ஹேஷ் போட்டு முடக்கப்பட்டிருக்கிறது. கூடவே கம்ப்ளீஷன்-இக்னோர்-கேஸை ஆன் செய்தால் டேப் அழுத்தும்போது சின்ன எழுத்து பெரிய எழுத்து பேதம் பார்க்காது. ஒரு எச்சரிக்கை: உங்கள் ஹோமில் இந்தக் கோப்பை உண்டாக்கினால் பொதுவான கோப்பைப் படிப்பது நின்றுவிடும், ஆகவே முதல் வரியில் டாலர் குறியோடு இன்க்லூட் போட்டு அதை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ரீட்லைன் பொதுச் சொத்து என்பதால் ஜிடிபி, பிஎஸ்க்யூஎல் போன்றவற்றிலும் இதே பழக்கம் உங்களோடு வரும். அலையாஸுக்கு அந்த யோகம் கிடையாது.

ப்ராம்ப்டுக்கு வருவோம். பிஎஸ்1 என்ற மாறி. இணையத்தில் காட்டப்படும் ப்ராம்ப்டுகளைப் பார்த்தால் சில சமயம் கோயில் திருவிழாச் சீரியல் விளக்கு நினைவுக்கு வருகிறது. மணி, பேட்டரி, கிளை, பைத்தான் பதிப்பு, கிளவுட் மண்டலம். இதையெல்லாம் ஒரு வாரத்துக்குப் பிறகு கண் பார்ப்பதே இல்லை. ப்ராம்ப்ட் பதில் சொல்ல வேண்டியது மூன்று கேள்விகளுக்கு என்பது என் கணிப்பு: எந்தக் கணினியில் இருக்கிறேன், எந்த ஃபோல்டரில், போன கட்டளை தோற்றதா.

முதல் கேள்விதான் உயிர்காக்கும். சோதனைச் சர்வர் ஒரு ஜன்னலில், உண்மையான வாடிக்கையாளர் தரவு இருக்கும் சர்வர் இன்னொரு ஜன்னலில், இரண்டிலும் ஒரே பச்சை நிற ப்ராம்ப்ட் என்றால், நள்ளிரவு தாண்டிய பின் கண் எதை நம்பும்? உற்பத்திச் சர்வரின் கோப்பில் கணினிப் பெயரைச் சிவப்புப் பின்னணியில் போட்டுவிடுங்கள். வேறு எந்த அலங்காரமும் தேவையில்லை.

வண்ணம் போடும்போது ஒரு நுணுக்கம். வண்ணக் குறியீடுகள் திரையில் இடம் பிடிப்பதில்லை, ஆனால் பாஷுக்கு அது தெரியாது. நாம்தான் பேக்ஸ்லாஷோடு சதுர அடைப்பு திறந்து மூடி, இதற்குள் இருப்பதை நீளத்தில் எண்ணாதே என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீளமான கட்டளை அடிக்கும்போது அது அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தலையில் ஏறி உட்காரும். "என் டெர்மினல் சரியில்லை" என்று வரும் புகாரில் நான் முதலில் தேடுவது இந்த அடைப்பைத்தான்.

போன கட்டளை தோற்றதா என்பதை அறிய டாலர் கேள்விக்குறி. பூஜ்யம் என்றால் வெற்றி, வேறு எது வந்தாலும் ஏதோ கோளாறு. ஆனால் இதன் ஆயுள் ஒரே ஒரு கட்டளை. ப்ராம்ப்ட் கமாண்டில் நாலு வேலை வைத்திருந்தால், முதல் வேலையாக இதைப் பிடித்து வேறொரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஹிஸ்டரி மைனஸ் ஏ வென்றதா என்பதைத்தான் அது சொல்லிக்கொண்டிருக்கும். கிட் கிளையின் பெயர் வேண்டுமென்றால் கிட்டோடு கூடவே வரும் கிட்-ப்ராம்ப்ட் ஸ்கிரிப்ட் போதும். அதிலேயே மாறிய கோப்புகள் இருக்கின்றனவா என்று காட்டும் வசதியும் உண்டு; பெரிய ரெப்போவில் அதைப் போட்டால் ஒவ்வொரு என்டருக்கும் ஒரு மூச்சு வாங்கும்.

இப்போது அலையாஸ். சண்டைக்கு நிற்கும் இடம் இதுதான். என் விதி ஒரே வரி: புதுப் பெயர் வைக்கலாம், இருக்கிற பெயரின் பொருளை மாற்றக் கூடாது.

ரெட் ஹாட் குடும்பத்து லினக்ஸ்களில் ரூட் கணக்கின் பாஷ்ஆர்சியைத் திறந்து பாருங்கள். ஆர்எம் என்றால் ஆர்எம் மைனஸ் ஐ, அதாவது ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு அழி என்று அலையாஸ் போட்டிருப்பார்கள். சிபி, எம்விக்கும் அப்படியே. நல்லெண்ணம்தான். ஆனால் என்ன நடக்கிறது? அழிக்குமுன் ஷெல் கேட்கும் என்று விரல் பழகிவிடுகிறது. அதே விரல் டெபியன் சர்வரில் போய் ஆர்எம் அடிக்கிறது; அங்கே யாரும் கேட்பதில்லை. வீட்டில் சுவிட்ச் எல்லாம் தலைகீழாக மாட்டியவன் மாமியார் வீட்டுக்குப் போனால் விசிறிக்குப் பதில் மோட்டாரைப் போட்ட கதைதான். இன்னும் மோசம், இந்தப் பாதுகாப்பு வேண்டிய இடத்தில் இருப்பதே இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் கேள்வி கேட்பதில் சலித்துப்போய் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் என்று அடிக்கப் பழகுவோம். அலையாஸ் அதை மைனஸ் ஐ, மைனஸ் ஆர்எஃப் என்று விரிக்கும். பின்னால் வந்த எஃப் முன்னால் வந்த ஐயை ரத்து செய்துவிடும். ஒற்றைக் கோப்பு அழிக்கும்போது பத்திரம், ஃபோல்டரையே காலி செய்யும்போது சுதந்திரம்.

கேட்டு அழிக்கும் வசதி வேண்டுமா, அதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் இல்லாத சர்வரில் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று மட்டும் வரும், எதுவும் அழியாது. தவறினாலும் பத்திரமான பக்கம் விழ வேண்டும் என்பதுதான் கணக்கு.

புதுப் பெயர் என்று நினைத்து வைப்பதும் பழைய பெயராக இருந்துவிடலாம். கிட் ஸ்டேட்டஸுக்கு ஜிஎஸ் என்று சுருக்கி வைத்தவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். ஜிஎஸ் என்பது கோஸ்ட்ஸ்கிரிப்டின் கட்டளைப் பெயர். பிடிஎஃப் சுருக்கும் ஒரு வரியை எங்கிருந்தோ எடுத்து ஓட்டினால், கிட் வந்து "இது ரெப்போ இல்லையே" என்று சொல்லும். ஆகவே பெயர் வைக்கும் முன் டைப் என்ற கட்டளையோடு அந்தப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அது நிரலா, அலையாஸா, ஃபங்ஷனா, ஷெல்லுக்குள்ளேயே இருப்பதா என்று சொல்லிவிடும். வேறொருவர் கணினியில் உட்காரும்போதும் டைப்தான் எனக்கு முதல் துணை. அலையாஸைத் தாண்டி அசலை ஓட்ட வேண்டுமானால் பெயருக்கு முன் ஒரு பேக்ஸ்லாஷ்.

சூடோ போட்டால் அலையாஸ் வேலை செய்வதில்லை என்பவர்களுக்கு ஒரு சின்ன வித்தை: சூடோவுக்கே சூடோ என்று அலையாஸ் வைத்து, மேற்கோளுக்குள் கடைசியில் ஒரு இடைவெளி விடுங்கள். இடைவெளியில் முடியும் அலையாஸுக்கு அடுத்த சொல்லையும் பாஷ் விரித்துப் பார்க்கும். என் விதியை மீறவில்லையா என்றால், இல்லை, சூடோவின் பொருள் மாறவில்லை.

வரியின் நடுவில் ஒரு மதிப்பை நுழைக்க வேண்டிய இடத்தில் அலையாஸ் உதவாது, ஃபங்ஷன் எழுத வேண்டும். ஃபோல்டர் உண்டாக்கி உடனே அதற்குள் போகும் எம்கேசிடி எல்லோரும் எழுதும் முதல் ஃபங்ஷன். எழுதும்போது டாலர் 1-ஐ இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள், பெயரில் இடைவெளி இருந்தால் தெரியும் சேதி.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டுமான ஒரு பகுதி இது. கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்து, கிட்டில் போட்டு வைத்திருப்பவர்கள் கிட் ஸ்டேட்டஸ் பார்த்து மிரண்டிருப்பீர்கள். "அகராதி" என்ற பெயர் \340\256\205 என்று எண்களாகத் தொடங்கி நீண்டுகொண்டே போகும். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். கிட் அந்தப் பைட்டுகளை எட்டடிமான எண்களில் காட்டுகிறது. அதன் அமைப்பில் கோர் புள்ளி கோட்பாத் என்பதை ஃபால்ஸ் என்று மாற்றினால் தமிழ் தமிழாகவே வரும். இது பாஷ்ஆர்சியில் இல்லை, கிட்கன்ஃபிக்கில் இருக்கும் வரி.

வரிசைப்படுத்தலுக்கான வரியைப் பாஷ்ஆர்சியிலேயே எழுதலாம். எல்சி கொலேட் என்ற மாறி சி என்று இருந்தால் சார்ட் கட்டளை யூனிகோடு எண்ணை மட்டுமே பார்க்கும். யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது பதினெட்டாவது, கடைசி மெய். சொல்லடைவு தயாரிப்பவர்கள் இந்த மாறியைத் தமிழ் லோகேலுக்கு மாற்றினால் ஒழுங்கான அகரவரிசை கிடைக்கும். அதற்காக லாங் மாறியையே தமிழாக்கிவிட வேண்டாம். மொழிபெயர்க்கப்பட்ட பிழைச் செய்திகள் தமிழில் வர ஆரம்பிக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கும், அதை இணையத்தில் தேடித் தீர்வு கண்டுபிடிப்பதுதான் நடக்காது. தேவையான ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள்.

பாத் மாறியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புது ஃபோல்டரைச் சேர்க்கும்போது பழைய பாத்தையும் பக்கத்தில் எழுத மறந்தால், அடுத்த டெர்மினலில் எல்எஸ் கூட இருக்காது. பதற வேண்டாம்: முழு முகவரியோடு, பின் ஃபோல்டரிலிருந்தே எடிட்டரை அழைத்துத் திறந்து திருத்தலாம். கோப்பை மாற்றும்போது இருக்கிற டெர்மினலை மூடாமல், புதிதாக இன்னொன்றைத் திறந்து சோதித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். தொலைவிலுள்ள சர்வரில் இது கட்டாயம்.

மேக் வைத்திருப்பவர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்திருப்பீர்கள். 2019-இல் கேட்டலினா வந்ததிலிருந்து அங்கே இயல்பான ஷெல் ஸீஷெல். கோப்பின் பெயர் ஸீஎஸ்எச்ஆர்சி. பாஷும் உள்ளே இருக்கிறது, ஆனால் 3.2 பதிப்பு. அதற்கு அடுத்த பதிப்பிலிருந்து பாஷ் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்துக்கு மாறியதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. மேலே சொன்ன மைனஸ் ஒன்று போன்றவை அதில் எடுபடாது. ஸீஷெல்லில் ஹிஸ்டரியைப் பகிர்வது முதல் பல வசதிகள் பாஷைவிட நேர்த்தி. ஓ மை ஸீஷெல் என்ற பெரிய அமைப்பு மூட்டையை இறக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதில் நீங்கள் பயன்படுத்துவது நாலு வசதி என்றால், அந்த நாலையும் கையால் எழுத ஒரு சாயங்காலம் போதும்.

எந்த ஷெல்லானாலும் தொடக்கக் கோப்பு பெருத்தால் தெரியும் முதல் அறிகுறி, டெர்மினல் திறக்கும்போது ப்ராம்ப்ட் வரத் தாமதமாவது. டைம் கட்டளையை முன்னால் போட்டு, பாஷை மைனஸ் ஐ, மைனஸ் சி, எக்ஸிட் என்று ஓட்டிப் பாருங்கள். திறந்து மூட எத்தனை விநாடி என்று சொல்லும். பெரும்பாலும் குற்றவாளி, நோட்.ஜேஎஸ் பதிப்புகளை நிர்வகிக்கும் என்விஎம் போல, நிறுவும்போது தானாக வந்து வரி சேர்த்துக்கொண்ட ஏதாவது ஒன்றாக இருக்கும். அதை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளி, நோட் தேவைப்படும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, கோப்பைப் பல கணினிகளுக்கு எடுத்துப் போவது. கிட் ரெப்போவில் வைப்பது வழக்கம். க்னூ ஸ்டோ என்ற நிரல் அங்கிருந்து ஹோமுக்கு இணைப்புகள் போட்டுத் தரும். ஒவ்வொரு கணினிக்கும் மட்டுமான வரிகளைத் தனிக் கோப்பில் வைத்து, அது இருந்தால் மட்டும் சோர்ஸ் செய் என்று பாஷ்ஆர்சியின் கடைசியில் எழுதுங்கள். அந்தத் தனிக் கோப்பு ரெப்போவுக்குள் போகக் கூடாது. அலுவலக டோக்கன், ஏபிஐ சாவி என்று எக்ஸ்போர்ட் செய்யும் வரிகள் இருக்க வேண்டியது அங்கேதான். ரெப்போவைப் பொதுவில் திறக்கும் முன் கிட் லாக்கில் மைனஸ் பி போட்டு, பழைய கமிட்டுகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சாவி ஒன்று எப்போதோ உள்ளே போயிருந்தால், இன்று அந்த வரியை நீக்கிப் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். சாவியையே ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ரெப்போவைத் திறக்கலாம்.